தோண்டாத மண்

"கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ரோடு போடப் போறீங்களாமே? உங்கப்பா இருக்குற இடத்தை மட்டும் தோண்டிடாதீங்கடி" என்று அம்மா கெஞ்சினாள்.

மண் பரிசோதனை வேலை பார்க்கும் மகள் சிரித்தாள். "தோண்டவே மாட்டோம்மா. கம்பியை லேசாக் குத்தி, மின்சாரம் விட்டுப் பார்ப்போம். குழி வெட்டி மூடின மண்ணு ஒரு மாதிரி காட்டும், வெட்டாத மண்ணு வேற மாதிரி காட்டும். ஆள் புதைஞ்சிருக்குற இடத்தையெல்லாம் விட்டுட்டு ரோட்டைத் திருப்பிடுவாங்க."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நிம்மதியாகிவிட்டாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வரிசையாகக் கம்பிகளை நட்டு அளந்தாள். கல்லே இல்லாத பழைய குழிகள்கூடக் கருவியின் திரையில் தெளிவாகத் தெரிந்தன. அப்பாவின் கல்லுக்குக் கீழே மட்டும் எதுவுமே இல்லை. கம்பிகளைப் பிடுங்கி, தள்ளி நட்டு, மறுபடி அளந்தாள். அந்த மண்ணில் யாரும் மண்வெட்டியே வைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அங்க யாரும்மா இருக்கா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். "யாருமில்லை. அப்போ நீ கைக்குழந்தை. நம்ம ரெண்டு பேரும் வேண்டாம்னு போயிட்டாரு. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது? செத்துட்டாருன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. வெறும் கல்லை நட்டு வெச்சேன்."

மகளுக்குக் கோபத்தைவிட ஆசைதான் முந்திக்கொண்டு வந்தது. "அப்போ உயிரோட இருக்காரா? நீ பார்த்தியா?"

"உன் கல்யாணத்துக்கு நேர்ல போய்க் கூப்பிட்டேன். 'நம்ம பொண்ணுக்குக் கல்யாணம், வந்து நில்லுங்க'ன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"'எந்தப் பொண்ணு?'ன்னு கேட்டாரு."