கசிவு இல்லை

பெரிய தொகையாகச் சொல்லிவிட வேண்டும். கேட்டதும் தலை சுற்ற வேண்டும். இந்தப் பழைய வண்டிக்குப் போய் இவ்வளவா என்று வாயடைத்துப் போக வேண்டும்.

பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையோடு அவள் இப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். கார் ஏசி பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்துகொண்டு, செலவு கூட வேண்டும் என்று வேண்டுகிற ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

மெக்கானிக்கை அந்தத் தெருவில் எல்லோரும் 'ஐஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் ஓயாதவன். பானட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, குழாய்களில் நைட்ரஜனை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தான். கசிவு இருந்தால் அங்கே குமிழி வருமாம்.

வரட்டும். கம்ப்ரசரே போயிருந்தால் இன்னும் நல்லது.

ஏசியில் குளிர்ச்சி நின்று ஒரு மாதமாகிறது. கணவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேஸ் ஏத்த என்ன விலை சொல்றான் தெரியுமா? பாக்கலாம்" என்றதோடு சரி.

மகள்தான் போனில் பொரிந்து தள்ளினாள். "அப்பாவோட கஞ்சத்தனத்துக்கு நீ ஏம்மா வெந்து சாகணும்? பணம் அனுப்பிட்டேன். அவர் ஊர்ல இல்லாத அன்னிக்கு வண்டியக் கொண்டுபோய் விட்டுடு."

இன்று அவர் ஊரில் இல்லை.

மகளிடம் அவள் எதைச் சொல்வாள்?

தினமும் காலையில் இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போகிறார்கள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டே வருஷக்கணக்காகிறது. ஏசி ஓடிய வரை கண்ணாடிகள் மூடியிருக்கும். ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்கும். அவள் மடியில் கிடக்கும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

சில நாள், ஏதாவது பேசிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். தொண்டையைச் செருமுவாள்.

அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்து அவர் ஏசியைக் குறைப்பார்.

ஏசி போன பிறகு கண்ணாடிகளை இறக்க வேண்டியதாயிற்று. தெரு உள்ளே வந்தது.

முதல் வாரமே, சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் வழி கேட்டார். கணவர் கையை வெளியே நீட்டி, பிளாஸ்திரி சுற்றிய ஆள்காட்டி விரலால் வழி காட்டினார். வண்டி நகர்ந்ததும் அவள் பக்கம் திரும்பி, "தப்பாச் சொல்லிட்டேனோ?" என்றார்.

"ஆமா" என்றாள்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய அலுவலக வாசல் வரைக்கும், அந்த ஆட்டோ எந்தச் சந்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதே பேச்சு.

விரலில் என்ன காயம் என்றும் அன்றைக்குத்தான் கேட்டாள். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்றார். கேட்டதற்குப் பதில் வந்ததே பெரிது. அதற்கு மேல் அவள் தோண்டவில்லை.

இன்னொரு நாள் மழை. "கண்ணாடிய ஏத்து, நனையற பாரு" என்றார். அவள் பாதிதான் ஏற்றினாள். மறுபடியும் சொல்லட்டும் என்று.

வியர்வையில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. முகமெல்லாம் புழுதி. அலுவலகம் போய்க் கழுவிக்கொள்கிறாள். அதற்கென்ன.

"அக்கா, கசிவே இல்ல!" ஐஸ் நிமிர்ந்தான். "பிரஷர் மீட்டர் முள்ளு இறங்காம அப்படியே நிக்குது பாருங்க."

"அப்ப கேஸ் எங்க போச்சு?"

"அது என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர? எவனோ தொறந்து விட்டிருக்கான். வால்வு மூடியக் காணோம். உள்ள இருக்கிற ஊசியில ஸ்க்ரூடிரைவர் கீறல் வேற. உங்க குளுகுளு வண்டியப் பாத்து யாருக்கோ வயித்தெரிச்சல்!"

சிரித்துவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை நீட்டினான். நுனியில் வெளுத்த பழைய தழும்பு.

"ஆனா அவனும் சும்மா தப்பிச்சிருக்க மாட்டான். பீறிட்டு வர்ற குளிர்ல தோல் வெந்துடும். தொழில் தெரிஞ்ச எனக்கே இந்தக் கதி."

அவள் அந்தத் தழும்பையே பார்த்தாள்.

பானட்டைத் திறக்கிற பிடி காருக்குள்ளே இருக்கிறது. கார்ச் சாவி எப்போதும் வீட்டு ஆணியில்தான் தொங்கும். போன வருஷம் இதே இடத்தில், கேஸ் இருக்கிறதா என்று பார்க்க ஐஸ் அந்த ஊசியை அழுத்திக் காட்டினான். 'புஸ்' என்று வந்ததை, கைகளைக் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

அவருடைய சட்டைகளுக்கு இத்தனை வருஷமாக இஸ்திரி போடுவது அவள்தான். அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

"விடுங்கக்கா, பெருசா ஒண்ணும் ஆகாது" என்றான் ஐஸ். "கேஸ் மட்டும் ஏத்தி, புது மூடி ஒண்ணு போட்டாப் போதும். ஒரு நல்ல செருப்பு வாங்குற காசுதான். ஏத்திடட்டா?"

அவள் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்தாள். தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். பிறகு, காலியாக இருந்த அந்தப் பக்கத்து இருக்கையின் கண்ணாடியையும்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "உங்க குழாயைக் கழட்டிடுங்க, நான் இப்படியே கிளம்பறேன்."