ஒரு வாரம், நாலு ஊர்

"இன்னிக்கு எந்த ஊரு?"

மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள் ஓர்னெல்லா.

சின்ஸியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ராவென்னா."

"நேத்து பார்மா. முந்தாநாள் மொடெனா. ரெண்டு வருஷம் கழிச்சு ஜெர்மனியிலேர்ந்து அம்மாவைப் பாக்க வந்த லட்சணமா இது?"

"ஏழே முக்காலுக்கு ரயில், ஓர்னெல்லா. வரேன்."

அவ்வளவுதான். விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

ஓர்னெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில் நேரத்தை யாரிடம் சொல்கிறாள்? ஓர்னெல்லா தன் வீட்டில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டிருந்தாள். இத்தாலியைப் பார்க்க வந்து, பொலோன்யாவில் பெட்டியை வைத்துவிட்டு, பகலெல்லாம் பக்கத்து ஊர்களைச் சுற்றிவிட்டு, படுக்க மட்டும் வருகிறவர்கள். எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவர்கள் அப்படி இருக்கலாம். பெற்ற மகள் இருக்கலாமா?

பக்கத்து வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. சின்ஸியாவின் அம்மா நீவெஸ் சமையலறையில் உட்கார்ந்து, மாவுக்குள் பூரணம் வைத்துக் குட்டிக் கொழுக்கட்டை மாதிரி தோர்தெல்லினி மடித்துக்கொண்டிருந்தாள். எண்பத்து மூன்று வயது. விரல் நடுங்கியது, ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரே அளவாக விழுந்தது.

"மறுபடியும் போயிட்டாளே!" என்றாள் ஓர்னெல்லா.

"சின்ன வயசிலேர்ந்தே அவளுக்கு ஊர் சுத்தணும். சாயங்காலம் பசியோட வருவா."

"'நீயும் வாம்மா'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டாளா?"

"நான் போய் என்ன பாக்கப் போறேன்?"

"இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அவளைக் கெடுத்து வச்சிருக்கீங்க."

நீவெஸ் சிரித்தாள். மாவை மெல்ல உருட்டினாள்.

வியாழக்கிழமை ஃபெராரா. அன்று சாயங்காலம் சின்ஸியா திரும்பி வந்து, கீழே காப்பிக்கடையில் நின்றபடியே ஒரு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஓர்னெல்லா அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, என் வீட்டுல ஒரு டச்சுக்கார ஜோடி தங்கியிருக்கு. அவங்களாவது காலையில கிளம்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறாங்க. நீ அம்மா வீட்டை விடுதியாவே ஆக்கிட்டியே!"

கடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார்.

"நான் என்ன செய்யணுங்கறீங்க?"

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மனுஷியையும் கூட்டிட்டுப் போ. வேற ஒண்ணும் வேண்டாம்."

சின்ஸியா காப்பியை முடிக்காமலே கோப்பையை வைத்தாள். "சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்."

சனிக்கிழமை காலையில் நீவெஸ் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். உதட்டில் சாயம். கழுத்தில் புருஷன் வாங்கிக் கொடுத்த முத்துமாலை. ஓர்னெல்லா கைதட்டியேவிட்டாள்.

"அடடா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்களே! எந்த ஊருக்கு?"

"ஃபெராரா" என்றாள் நீவெஸ்.

"பாத்தீங்களா? நான் நாலு வார்த்தை கேட்டதுக்கு அப்புறம்தான் உங்க பொண்ணுக்குப் புத்தி வந்துது."

நீவெஸ் அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "ஆமா ஓர்னெல்லா. எல்லாம் உன்னாலதான்."

அன்று முழுக்க ஓர்னெல்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காப்பிக்கடையிலும் ரொட்டிக்கடையிலும் சொல்லிச் சொல்லி மாளவில்லை. "பெரியவங்களை எப்படி வச்சுக்கணும்னு இந்தக் காலத்துல யாராவது ஒருத்தர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு."

சாயங்காலம் ஆறு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

சின்ஸியா மட்டும்தான் நின்றாள்.

"அம்மா எங்கே?"

"ஃபெராராவில. முதியோர் இல்லத்துல விட்டுட்டு வரேன்."

"என்னது?"

"பொலோன்யாவில எங்கேயும் இடம் கிடைக்கல. அதான் வாரம் பூரா ஒவ்வொரு ஊரா போய்ப் பாத்துட்டு வந்தேன். ஃபெராரா போதும்னு அம்மாதான் சொன்னாங்க."

ஓர்னெல்லாவின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "கல்லு மனசுடி உனக்கு! அம்பது வருஷம் வாழ்ந்த வீடு! பெத்த தாயைக் கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்து நிக்கறியே! பக்கத்து வீட்டுல நான் ஒருத்தி செத்தா போயிட்டேன்? கூப்பிட்டா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"நான் நல்லவள்னு சொல்லல, ஓர்னெல்லா. ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காதவதான்." சின்ஸியா அம்மா வீட்டுக் கதவில் சாவியைப் போட்டாள். திருப்பவில்லை. "பிப்ரவரியில அம்மா சமையலறையில விழுந்தாங்களே..."

"தெரியாதா என்ன? என் போதாத வேளை, அன்னிக்குக் காலையிலேயே சந்தைக்குப் போயிட்டேன். வீட்டுல இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

"விழுந்தது காலையில ஏழு மணிக்கு. எழுந்திருக்க முடியல. கையில இருந்த மரக்கரண்டியால உங்க பக்கத்துச் சுவத்தைத் தட்டிக்கிட்டே கிடந்திருக்காங்க. மத்தியானம் வீடு பெருக்கற பொண்ணு வந்துதான் தூக்கினா."

"அதான் சொல்றேனே, நான் வீட்டுல..."

"இந்த வீட்டை விட்டுப் போறவரைக்கும் இதை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. இப்போ போயாச்சு." சின்ஸியா முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு உங்க வீட்டுல தங்கிச் சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் 'அது என்ன சத்தம்?'னு கேட்டாராம். 'பக்கத்து வீட்டுக் கிழவி, அது எதையாவது தட்டிக்கிட்டேதான் இருக்கும். நீங்க சாப்பிடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு'ன்னு நீங்க சொன்னது, தரையில கிடந்த எங்கம்மாவுக்குத் தெளிவா கேட்டுதாம்."