பூட்டிய பீப்பாய்

"என்ன வாசனை வருது? சொல்லுங்கம்மா!" முதலாளி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

இனிப்பு ஒயின் இருந்த பழைய பீப்பாயில் இரண்டு வருடம் ஊறிய சிங்கிள் மால்ட் விஸ்கி. ருசி பார்ப்பவள் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் மூக்கு சொல்லிவிட்டால் அந்தக் கம்பெனியில் மறுபேச்சு கிடையாது.

"உலர் திராட்சை, தேன், கொஞ்சம் கருகின ஆரஞ்சுத் தோல்..." ஒரு வாய் சுவைத்துத் துப்பினாள். முகம் மாறியது. "சார், இதை எங்கேயோ மோந்திருக்கேன்."

"சான்ஸே இல்ல! நாம இப்படிச் செஞ்சதே இந்த ஒரு பீப்பாய்தான். இன்னைக்குத்தான் திறந்தோம்."

"அளவுதான் ரொம்பக் குறையுது," என்றார் மேனேஜர். "ஆவியாப் போற கணக்கைவிட அதிகம்."

"கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"என்கிட்ட ஒண்ணு, வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு."

அவள் கைபேசி அடித்தது. கணவன். வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

"கிடங்குல என் வாட்ச்மேன் ஷிப்ட் முடிஞ்சுது, வீட்டுக்குக் கிளம்பறேன்," என்றான். "குடியை விட்டு ஒரு வருஷம் ஆச்சு, இந்த இருமல் மட்டும் விட்டபாடில்ல. இப்பதான் மருந்து குடிச்சேன். வந்ததும் தினம் போல அந்த மருந்து வாசனை வருதுன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே, என்ன?"

அவள் உள்ளே திரும்பினாள்.

"எங்க மோந்தீங்கன்னு ஞாபகம் வந்துச்சா?" மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இல்ல சார். எனக்குச் சளி பிடிச்சிருக்கு. என் மூக்கை நம்பாதீங்க."