சுரேந்திரனின் மூக்கு

பாத்திரம் கழுவுகிற சத்யபாமா ஒயின் குடிக்கிறாள் என்று உஸ்மாவுக்குச் சந்தேகம் வந்து நாலு நாளாகிறது.

வராமல் என்ன செய்யும்? ரங்கூன் ஆற்றோரத்து அந்தச் சாப்பாட்டு விடுதியில் யார் ஒயின் கேட்டாலும், ஊற்றிக் கொடுக்கிற சுரேந்திரன் பாட்டிலைத் திறந்துகொண்டு முதலில் அடுப்படிக்குள் போவார். கதவு பாதி மூடும். இடுக்கில் பார்த்தால் சத்யபாமா முகத்தருகே கிளாஸ்.

உஸ்மா வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை; வாயை மூடிக்கொண்டு தட்டு எடுத்தால் போதும்தான். ஆனாலும் அன்றைக்கு அவளால் முடியவில்லை. கரண்டி எடுக்கப் போவதுபோல உள்ளே நுழைந்தாள்.

சத்யபாமா குடிக்கவில்லை. கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தாள்.

"ஸ்பெயின் சிவப்புதானே அண்ணே? வெயில்ல காய்ஞ்ச இலந்தை வாசம் முன்னாடி வருது. பின்னாடி புது மரப்பெட்டியைத் திறந்த மாதிரி, கொஞ்சம் வெனிலா. ஆட்டுக்கறிக்குக் குடுங்க. மீனுக்கு வேணாம். போன வாரம் மீனோட குடிச்சவங்க வாயெல்லாம் இரும்பா இருக்குன்னாங்கல்ல?"

சுரேந்திரன் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த நிமிஷம் மேஜையருகே அதே மரப்பெட்டி, அதே ஆட்டுக்கறி, நல்ல இங்கிலீஷில். இலந்தையை மட்டும் பிளம் என்று மாற்றிக்கொண்டார். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"அக்கா, இது என்ன கூத்து?"

"மெதுவாப் பேசு. கொரோனா வந்து போனதுலேர்ந்து அண்ணனுக்கு மோப்பமே இல்ல. பெட்ரோலும் மல்லிகையும் ஒண்ணுதான். ஸயாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். ரெண்டு புள்ளைங்க படிக்குது."

ஸயா என்றால் முதலாளி தங்கவேலு.

"மூக்கு உங்களுது, பேரு அவருக்கா? நீங்களே மேஜைக்குப் போகலாம்ல?"

"ஐயே, நாலு பேர் முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

உஸ்மாவுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் சாயங்காலம் சத்யபாமா வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். அன்று பார்த்து ஆறு பேர் வந்து அதே ஸ்பெயின் ஒயினைக் கேட்டார்கள். சுரேந்திரன் கிளாஸும் கையுமாக, ஆளில்லாத பாத்திரத் தொட்டியைப் பார்த்தபடி அடுப்படியில் நின்றார்.

இன்றைக்குக் குட்டு உடையட்டும் என்று உஸ்மா நேரே முதலாளியிடம் போனாள்.

"ஸயா, சுரேந்திரன் அண்ணனுக்கு மோப்பமே..."

அவர் முடிக்க விடவில்லை. குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்கு நடந்தார்.

உஸ்மாவுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஞாபகம் வந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ? பின்னாலேயே ஓடினாள்.

தங்கவேலு சுரேந்திரன் கையிலிருந்த கிளாஸை வாங்கி மோந்து, முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது. தக்கை கெட்டிருக்கு போல. உனக்கும் அப்படித்தானே தோணிச்சு?"

சுரேந்திரன் வேகமாகத் தலையாட்டினார். "ஆமா ஸயா. அதான் மாத்தலாம்னு..."

"அதானே பார்த்தேன். வேற திற."

இரண்டாவது பாட்டிலையும் போகிறபோக்கில் மோந்தார். "ம், இது நல்லாருக்கு. நீ வழக்கமாச் சொல்ற மாதிரியேதான் இருக்கு. போய் ஊத்து."

சுரேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார். கதவு மூடியதும் தங்கவேலு உஸ்மா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடாதே பொண்ணு. மூணு வருஷமா, சத்யபாமா லீவு போடுற அன்னிக்கெல்லாம் இந்த வேலையை நான்தான் பார்க்கிறேன்."