முன் டயர் எவ்வளவு அகலம்?

“பின்னால இருக்கிறதுலயே பெரிய டயரா போடு. முன்னால எது இருந்தாலும் பரவால்ல,” என்றார் ரகுபதி.

படப்பை மெயின் ரோட்டில் இருந்த அந்தச் சைக்கிள் கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் கன்னியப்பன், ஸ்டாண்டு போட்டு நின்ற பேட்டரி சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

பக்கத்தில் ரகுபதியின் மகள் கலைமதி நின்றாள். இடது முழங்கையில் பெரிய பிளாஸ்திரி.

“எட்டேகாலுக்குக் கிளம்பணும்பா,” என்றாள் மூன்றாவது தடவையாக.

ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் செட் தயாரிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒன்பது மணி ஷிஃப்ட். கம்பெனி பஸ் அவர்கள் ஏரியாவுக்கு வராது. ஷேர் ஆட்டோவில் காலையில் இடம் கிடைக்காது. அதனால்தான் இந்தச் சைக்கிள்.

போன வெள்ளிக்கிழமை சாலையோர மணலில் முன் சக்கரம் சறுக்கி விழுந்துவிட்டாள். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி பிரேக் போட்டு நின்றபோது, அவள் தலைக்கும் லாரியின் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

அன்றிலிருந்து ரகுபதிக்குச் சரியான தூக்கம் இல்லை. வேலையே வேண்டாம் என்றார். இன்னும் நான்கு மாதத்தில் நிரந்தரம் ஆகப்போகிறது, விடமாட்டேன் என்றாள் மகள். இரண்டு நாள் வீட்டில் இதே சண்டைதான். கடைசியில் டயர் மாற்றிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. இன்னொரு தடவை விழுந்தால் வேலை கிடையாது. அது அவருடைய கண்டிஷன்.

கன்னியப்பன் பின் சக்கரத்தின் நடுவில் இருந்த மோட்டாரைத் தட்டிக் காட்டினார்.

“மோட்டாரு பின்னால கீது. ஆள் வெயிட்டும் பின்னாலதான். பின் சக்கரம் தானா அமுங்கி ஓடும் சார். முன்னாலதான் லேசு. மணல்ல மொதல்ல இழுத்துகினு போறதும் அதான். அகலம் முன்னாலதான் வேணும்.”

ரகுபதி நம்பவில்லை. “லாரிக்குப் பின்னாலதானே ரெட்டை டயர் போடறான்?”

“லாரி சாயாது சார். சைக்கிள் சாயும்.”

கலைமதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ரகுபதிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இரண்டுக்குமே அகலமாகப் போடலாமே என்றார்.

கன்னியப்பன் பொறுமையாக ஒரு டயரை எடுத்துவந்து பின் சக்கரத்துக்கு மேல் வைத்துக் காட்டினார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. பள்ளத்தில் இறங்கினால் உரசும் என்றார். இரண்டும் அகலமாக இருந்தால் பேட்டரியும் சீக்கிரம் தீரும், சாயங்காலம் பாதி வழியில் நின்றுவிட்டால் அதுவும் ஆபத்துதான் என்றார்.

“முன்னால ரெண்டு பாயின்ட் நாலு இன்ச்சு. பின்னால ரெண்டு பாயின்ட் ஒண்ணு. காத்தைக் கல்லு மாதிரி அடிக்க வேணாம். இதான் இந்த வண்டிக்குச் சரி.”

ரகுபதி இரண்டு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ரிம் தாங்குமா என்று கேட்டார். திடீரென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். மழையில் எப்படி என்று கேட்டார். பதில் வந்த பிறகு மறுபடியும் ரிம்மைப் பற்றியே கேட்டார்.

கன்னியப்பன் பழைய டயரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “இந்த மாசம் மட்டும் இப்படி விழுந்து ஏழு வண்டி வந்துடுச்சு சார். எம்-சாண்ட் மணல் லாரிங்க தார்ப்பாய் கட்டாம போவுது. வழியெல்லாம் கொட்டிகினே போவுது. இன்னா டயர் போட்டாலும் பாதிதான் தாங்கும். கொட்டுறது நின்னாதான் மீதி.”

“அது இன்னா நம்ம கையிலயா கீது? நீ டயரைப் பாருப்பா,” என்றார் ரகுபதி.

எட்டு பத்துக்கு வேலை முடிந்தது. கலைமதி கடைக்கு எதிரே குவிந்திருந்த மண்ணில் ஏற்றி, ஒரு வட்டம் போட்டுவந்தாள். ஹேண்டில் ஆடவில்லை. “நல்லா புடிக்குதுப்பா,” என்றாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் தெளிவு வந்தது அப்போதுதான்.

ரகுபதி அவளுடைய ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்தார். ஓரமாகப் போ, மணலைக் கண்டால் ஹேண்டிலைத் திருப்பாதே, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் கிளம்பினாள்.

ஒரகடம் பக்கம் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் மகளின் சிவப்பு ஹெல்மெட் ஒரு புள்ளியாகி மறையும் வரை ரகுபதி சாலையோரத்திலேயே நின்றார். பிறகு கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார்.

“பயப்படாதீங்க சார், டயரு தாங்கும்,” என்றார் கன்னியப்பன். பெண்ணைப் பெற்றவரின் பயம் அவருக்குப் புரிந்தது.

ரகுபதியின் போன் அடித்தது.

“சொல்லு மோகன். லோடு ஏத்தியாச்சா?”

பேசியது அவருடைய டிப்பர் லாரியின் டிரைவர். எம்-சாண்ட் ஏற்றியாயிற்று, தார்ப்பாய் கட்டுகிற கயிறு அறுந்துவிட்டது, வேறு கயிறு வாங்கிக் கட்டக் கால் மணி நேரம் ஆகும் என்றான்.

ரகுபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அதுக்கெல்லாம் நின்னுகினு இருக்காத. ஒம்போது மணிக்குள்ள ஒரகடம் சைட்டுல லோடு எறங்கணும். எப்பவும் போல மூடாமயே எடுத்துகினு போ.”