கறுத்துப்போன கார்டு

“நல்லாப் பேசுறாளேன்னு நம்பி வாங்கினேன் பாரு, என் புத்தியச் சொல்லணும். தலையில மொளகா அரைச்சுட்டா.”

பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் காரின் பின்சீட்டில் வைக்கும்போதே சம்பத் ஆரம்பித்துவிட்டார். ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் அவர் மேனேஜர். மதிலை ஒட்டின குவார்ட்டர்ஸில்தான் வீடு.

மகன் நவீன்குமார் காலேஜ் படிக்கிறான். கேம் ஆடப் புது கம்ப்யூட்டர் கேட்டான். மனுஷன் மசியவில்லை. ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து கொடுத்து, இதிலேயே ஆடு என்றார். அதில் கேம் ஓட வேண்டுமானால் கிராஃபிக்ஸ் கார்டு போட்டாக வேண்டும். புதுசின் விலை கேட்டு அப்பாவுக்குத் தலை சுற்றியது. கடைசியில் வேலூரில் அம்பிகா என்கிற பெண் நடத்தும் கடையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கி மாட்டினார்கள்.

நன்றாகத்தான் ஓடியது. மழைக்காலம் முடிவதற்குள் ஸ்கிரீனில் கோடு விழுந்து, நேற்று ஒரேயடியாக அணைந்துவிட்டது. கோபம் வராமல் என்ன செய்யும்?

கேட்டைத் தாண்டுவதற்குள் எல்லம்மா காருக்கு எதிரே வந்து நின்றாள். டேனரியில் தோல் காயப்போடுகிறவள். இடுப்பில் மகள் பாரதி. குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கேட்கவே சங்கடமாக இருந்தது.

“சார், புள்ள தூங்கவே இல்ல சார். அந்தத் தொட்டி நாத்தத்த விட்டுத் தள்ளிப் போயிடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரோட்டு மேல ஒரு வீடு காலியாத்தானே கெடக்குது. புள்ளைக்குச் சரியாவுற வரைக்கும் குடுங்க சார்.”

எல்லம்மா இருக்கும் தொழிலாளர் லைன் வீடு, கழிவுத் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் இருக்கிறது.

“அது ஸ்டாஃப் வீடு எல்லம்மா. உனக்குக் குடுத்தா நாளைக்கு லைன்ல இருக்கறவங்க அத்தினி பேரும் வந்து நிப்பாங்க.”

“காத்து ஆவ மாட்டேங்குது சார் அதுக்கு.”

“காத்துல ஒண்ணும் கெடையாது. நானும்தான் இங்க இருக்கேன், எனக்கு இன்னா ஆச்சு? ஐஸ் வாங்கிக் குடுத்துக் கெடுத்துட்டு, டேனரி மேல பழியப் போடுறீங்க. பேஜார் பண்ணாம வழிய விடு.”

அவள் ஒதுங்கி நின்றாள். குழந்தையின் முகத்தை நவீன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அப்பாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கடையில் சம்பத் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். “எவனோ ஓட்டி ஓய்ஞ்சுபோனத என் தலையில கட்டிட்டீங்க. இதெல்லாம் ஒரு பொழப்பாம்மா?”

அம்பிகா பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. பெட்டியைத் திறந்து, கார்டைக் கழற்றி, விளக்கடியில் பிடித்தாள். உள்ளே செம்பெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துக் கிடந்தது.

“சார், உங்க வீடு டேனரி பக்கமா?”

“ஆமா. அதுக்கும் இதுக்கும் இன்னா?”

“அந்தப் பக்கத்துலருந்து வர்ற பீஸு எல்லாமே இப்படித்தான் சார் வருது. தொட்டியிலருந்து கெளம்புற காத்து செம்பு, வெள்ளி எதையும் விடாது. உங்க வீட்ல வெள்ளி சாமான் கறுக்குதா?”

“அம்மா கொலுசு கறுத்துடுதுக்கா” என்றான் நவீன். “தேய்ச்சுத் தேய்ச்சு அலுத்துட்டாங்க.”

சம்பத் மகனை முறைத்தார். கையெழுத்துப் போட்டு, காற்று சுத்தம் என்று அதிகாரிகளுக்கு ரிப்போர்ட் கொடுப்பதே அவர்தான்.

“உங்க பெட்டியில பவர் சப்ளை பழசு சார். பெரிய கார்டு தாங்காது. அதே மாதிரி சின்னதா இன்னொண்ணு இருக்கு, மாத்தித் தர்றேன். ஆனா அங்கேயே வச்சீங்கன்னா இதுவும் போயிடும். அந்தக் காத்து அடிக்காத எடமாப் பாத்து வைங்க.” கொஞ்சம் தயங்கினாள். “செம்பே இந்தக் கதின்னா, அங்க இருக்கற மனுஷங்க கதி இன்னா சார்?”

மாற்றின கார்டுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சம்பத் கிளம்பினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் யோசனையாகவே இருந்தார். நவீனுக்கே ஆச்சரியம்.

கேட்டுக்குப் பக்கத்தில் எல்லம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். சம்பத் காரை நிறுத்தி வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

“வேலாயுதம், ரோட்டு மேல இருக்கற அந்தக் காலி வீட்டுச் சாவிய எடு. உடனே சுத்தம் பண்ணணும்.”

எல்லம்மா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். வேலாயுதம் பூட்டைத் திறந்ததும் அவனிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். “நான் கூட்டிக்கிறேண்ணா. நம்ம வீடு, நாமதானே கூட்டணும்.”

மூலை முடுக்கு விடாமல் கூட்டினாள். ஒட்டடை அடித்தாள். முந்தானையை நனைத்து ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். ரோட்டுப் பக்கக் காற்று உள்ளே வந்தது. வாசற்படி ஓரம் படுக்கவைத்த பாரதி, இழுப்பு கொஞ்சம் அடங்கி, அசந்து தூங்கிப்போனாள்.

சம்பத் உள்ளே வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சி மூச்சை இழுத்து விட்டார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“போதும் எல்லம்மா, புள்ளையத் தூக்கிக்கினு கெளம்பு” என்றவர், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “நவீன், கம்ப்யூட்டர இங்க கொண்டாந்து வைடா. இங்கதான் காத்து நல்லாருக்கு.”