யப்பானியத் தாய்

ஜேர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் குமுதினி கட்டுரை வாசிக்க வேண்டிய நாள். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டிருந்தவளை நிசாந்தின் குரல் பிடித்து நிறுத்தியது.

“என்ர சொக்ஸைக் காணேல்லை!”

“மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, வடிவாப் பாருங்கோ.”

“மத்தியானம் ஆர் சாப்பாடு தாறது?”

“சோறும் கறியும் மேசையில மூடி வைச்சிருக்கிறன். போட்டுச் சாப்பிடுங்கோ, என்ர ராசா எல்லே.”

“எனக்கு ஏலாது. தலையிடிக்குது. இண்டைக்குப் போக வேண்டாம்!”

போன முறையும் இந்தத் தலையிடிக்காகத்தான் அவள் போகாமல் நின்றாள். இனித் தவணை இல்லையென்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

“நான் போயிட்டு வாறன்” என்று கதவைச் சாத்தினாள். உள்ளே கோப்பையொன்று விழுந்து உடைந்தது. அவள் திரும்பவில்லை.

கீழ்ப்படியில் மிச்சிகோ காத்திருந்தாள். கூடப் படிக்கும் யப்பானியப் பெண். யப்பானில் மட்டும் மனைவி கணவனுக்கும் தாயாகிவிடுகிறாள் என்று உளப்பகுப்பாய்வாளர்கள் சொல்வதைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது.

“நீ கெஞ்சியது இங்கே கேட்டது. சின்னப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வரலாமா?” என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள் மிச்சிகோ. “மகனுக்கு எத்தனை வயது?”

“எனக்கு மகள்தான். ஏழு வயது. தானே உடுத்து, தானே சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.” குமுதினி விறுவிறுவென்று நடந்தாள். “அது என் கணவர். முப்பத்தெட்டு.”

மிச்சிகோ திகைத்து நின்றாள். பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.

“அப்படியென்றால், யப்பானில் மட்டும் என்று நாம் எழுதியது பிழை.”

“ஓம்” என்று தமிழிலேயே சொன்னாள் குமுதினி. “இன்று அதை நான் எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.”